மருந்து எதற்கென்று நோயாளியும் அறியட்டும்

முற்றிய புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் டாக்டர், வேதனை தணியும், நாட்கள் சற்று நீளும் என்றே பெரும்பாலும் எதிர்பார்க்கிறார். படுத்திருப்பவரோ நோய் அடியோடு நீங்கிவிடும் என்று நம்பியிருக்கிறார். 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உடலில் பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளில் 69 சதவீதத்தினரும், பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 81 சதவீதத்தினரும் அம்மருந்து தங்களைக் குணப்படுத்தப் போவதில்லை என்பதை விளங்காமலே இருந்தனர்.

நம் வீடுகளிலோ, "வாப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்" என்று பிள்ளைகளே தடுத்துவிடுகிறோம். அன்பினால்தான். ஆனால், யாருக்கு எவ்வளவு கடன், யாருடைய அமானிதம் கையில் உள்ளது என்பது வாப்பாவுக்கன்றோ தெரியும்! ஷாஃபிஈ மத்ஹபில் மருந்து செய்வது சுன்னத்து. சாட்சியில்லாத கடனை வஸிய்யத்தில் தெரிவிப்பதோ வாஜிபு.

ஆகவே, "இம்மருந்து நோயைப் போக்கவா, வேதனையைக் குறைக்கவா?" என்று நோயாளியின் முன்னிலையிலேயே கேளுங்கள். அவரே அறிய விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். கடன் விவரத்தையேனும் பக்குவமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். துஆவை நிறுத்தச் சொல்லவில்லை. ஷிஃபா அல்லாஹ்வின் கையில்.

வஸிய்யத் பேசினால் மவுத்து வந்துவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடும் நோயுற்று வஸிய்யத் பற்றிக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அப்பேச்சைத் தட்டிக்கழிக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு என்று அளவு கூறினார்கள். ஸஅது (ரலி) அவர்கள் அதன்பின் பல்லாண்டு வாழ்ந்து, காதிஸிய்யாப் படைக்கும் தலைமை தாங்கினார்கள்.