கண்டிப் பகுதிக் கமக்காரர் இல்லங்களிற் சூரிய வெப்பமும் மின்சாரமும்

கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் சேர்ந்த கமக்காரர் பலர், தம் வீட்டுக் கூரைமேற் சூரிய மின்தகடுகளைப் பொருத்துதல் நன்றோ என அண்மைக் காலமாக வினவி வருகின்றனர். அவர்கட்காகவே இத்துண்டுப் பிரசுரம் எழுதப்படுகின்றது. விடை கூறுமுன், சூரியனிடமிருந்து நாம் பெறக்கூடியவை இரண்டு என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஒன்று வெப்பம், மற்றது மின்சாரம். வெப்பத்தைப் பெறுதற்குக் கறுப்பு வர்ணம் பூசிய தகரமும் ஒரு கண்ணாடியும் போதும். மின்சாரத்தைப் பெறுதற்கோ பெருஞ் செலவு உண்டு. ஆகவே வெப்பம் தேவைப்படுங் கருமங்களுக்கு வெப்பத்தையே நேரே பெற்றுக்கொண்டு, மின்சாரத்தை அதன்பின் எண்ணுவதே கமக்காரருக்கு இலாபந் தரும் முறையாகும்.

நம் ஊர்ச் சூரியன் செல்லும் வழி

கண்டி, பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7¼ பாகையில் அமைந்துள்ளது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்னரும், செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்நாட்களில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டுப் பார்த்தால் அதன் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். இவ்விரு காலத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகற் சூரியன் நமக்கு வடபுறமாக நிற்கும். ஏனைய மாதங்களில் தென்புறமாகச் சாய்ந்து, டிசெம்பர் 22ஆந் திகதியளவில் உச்சியிலிருந்து 30 பாகைக்குச் சற்று மேலாகத் தெற்கே இறங்கும்.

இதை ஏன் கூறுகின்றோமெனில், ஐரோப்பா போன்ற குளிர்தேசத்தாருக்கென எழுதப்பட்ட நூல்கள் தகட்டைத் தெற்கு நோக்கி 30, 40 பாகை சாய்க்கும்படி கூறுகின்றன. நமக்கு அது பொருந்தாது. 10 பாகைச் சரிவு போதும். அதனிலுங் குறைத்தால் மழைநீர் தங்கி, அழுக்கும் பாசியும் படியும். தெற்கு நோக்கிய கூரை இல்லாதவர் கவலைப்பட வேண்டியதில்லை. சரிவு குறைவாயிருக்குமாயின் கிழக்கு அல்லது மேற்குக் கூரையிலும் இழப்பு அற்பமே. இரண்டில் ஒன்றைத் தெரிய வேண்டுமாயின், கிழக்குக் கூரையே மேல் என்பது எமது கருத்து. சித்திரையிலும் ஐப்பசியிலும் காலை வெளித்திருந்து, பிற்பகலில் இடிமேகங் கூடுவதை நீங்கள் அறிவீர்கள்.

ஆயினும் மலைநாட்டிலே திசையைக் காட்டிலும் நிழலே முக்கியமானது. அந்தானை மலையடியிலுள்ள வீடுகளுக்கு மாலை வெயில் விரைவில் மறைந்துவிடும். கிழக்கே உயர்ந்த குன்றுள்ள பள்ளத்தாக்குகளிற் காலை வெயில் பிந்தி வரும். பலா மரமுந் தென்னையும் வேறு உள. வரிசையாகத் தொடுத்த தகடுகளில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தால், அவ்வரிசை முழுவதிலும் மின்சாரம் குறையக்கூடும். ஆகையால் பணங் கொடுக்குமுன், காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை கூரையின் எப்பகுதியில் நிழல் விழுகின்றது என்பதை நீங்களே நோக்குதல் வேண்டும். ஜூன் மாதத்தில் ஒரு முறையும் டிசெம்பரில் ஒரு முறையும் நோக்குதல் உத்தமம்.

விதைநெல் உலர்த்தும் பெட்டி

நம் பகுதியில் சதுர மீற்றர் ஒன்றின்மேல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 முதல் 5 அலகு வரையான சூரிய சக்தி விழுகின்றது. (அலகு என்பது மின்பட்டியலிற் காணும் அதே அலகுதான்.) மின்தகடு இதில் ஐந்திலொரு பங்கையே மின்சாரமாக்கும். வெப்பத்தைச் சேர்க்கும் கறுப்புத் தகரமோ, நன்கு அமைந்தால், பாதியளவைப் பயன்படச் செய்யும்.

அறுவடையான நெல்லைப் படங்கிலோ தெருவோரத்திலோ பரப்பி உலர்த்துவது நம் வழக்கம். சோற்றுக்கான நெல்லுக்கு அது ஒருவாறு பொருந்தும். விதைநெல்லுக்குப் பொருந்தாது. நண்பகலில் தார்த் தெருவின் சூடு விதையின் முளையைக் கெடுக்கும். மழை வந்து ஒரு முறை நனைந்தாலும் முளைதிறன் குன்றும். விதையின் வெப்பம் 43 பாகை செல்சியஸை மீறலாகாது. ஈரப்பதன் நூற்றுக்கு 13 பங்குக்குக் கீழே வருதல் வேண்டும். மரக்கறி விதைகள் இன்னும் மென்மையானவை. கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளை 35 பாகைக்கு மேற் சூடேறவிடாது நிழலும் காற்றும் உள்ள இடத்தில் உலர்த்துவதே பாதுகாப்பானது.

ஓர் ஏக்கருக்கு வேண்டிய விதைநெல் சுமார் 2 புசல், அஃதாவது ஏறக்குறைய 40 கிலோ. இதற்கு 6 அடி நீளமும் 3½ அடி அகலமும் உள்ள ஒரு பெட்டி போதும். களஞ்சியத்தின் தென்சுவரை அடுத்து, நிலத்திலிருந்து 2 அடி உயரத்திற் கால்களை நிறுத்திப் பலகையால் அதை அமைக்கலாம். அடியிலே கறுப்பு வர்ணம் பூசிய தகரம். அதற்கு 4 அங்குலம் மேலே கம்பிவலைத் தட்டு. எல்லாவற்றுக்கும் மேலே சரிவாக அமைத்த கண்ணாடி அல்லது தெளிந்த பொலித்தீன். தாழ்ந்த பக்கத்தில் தகரத்தை ஒட்டி நீளத் துவாரமும், உயர்ந்த பக்கத்தில் மூடிக்குச் சற்றுக் கீழே அதேயளவு துவாரமும் விடுக. சூடேறிய காற்று மேலே எழுந்து வெளியேற, புதுக் காற்றுக் கீழே புகும். நெல்லின் ஈரத்தை வெளியே கொண்டு செல்வது இக்காற்றோட்டமேயாம். துவாரத்தை அடைத்துச் சூட்டைக் கூட்ட நினைப்பவர், நெல்லை உலர்த்துவதில்லை, அவிக்கின்றார். எலியும் குருவியும் புகாதபடி இரு துவாரங்களுக்கும் வலை இடுதல் வேண்டும்.

ஈரம் நூற்றுக்கு 20 ஆயிருக்கும் 40 கிலோ நெல்லை 13க்குக் கொண்டுவர, ஏறக்குறைய 3¼ கிலோ நீரை வெளியேற்ற வேண்டும். நல்ல வெயிலில் இப்பெட்டி அவ்வேலையை ஒரு நாளிலோ இரு நாளிலோ முடிக்கும். நெல்லை 2 அங்குலத்துக்கு மேற் குவியாது, மணிக்கொரு முறை கிளறுக. தட்டிலே ஒரு வெப்பமானியை வைத்து, 40 பாகையைத் தாண்டும்போது மூடியைச் சற்றே உயர்த்திவிடுக. வெப்பமானியின் விலை ஒரு புசல் விதை முளையாது போவதால் வரும் நட்டத்திலும் மிகக் குறைவு. பெட்டி சும்மா இருக்குங் காலத்தில் மிளகாய், கொறுக்காய், இஞ்சி முதலியவற்றை உலர்த்தலாம்.

வெந்நீர்

150 லீற்றர் நீரை 25 பாகை சூடேற்றுவதற்கு ஏறக்குறைய 4½ அலகு வேண்டும். இதை மின்தகட்டினாற் பெற முயன்றால் ஒரு கிலோவாற்றுக்கு மேற்பட்ட தகடுகளும் 55 சதுர அடிக்கு மேலான கூரையுந் தேவை. வெப்பச் சேர்ப்பியினாற் பெறுவதாயின் 22 சதுர அடி போதும். தாங்கியைச் சேர்ப்பிக்கு மேலே வைத்தால், சூடேறிய நீர் தானே எழுந்து தாங்கியை அடையும், பம்பி வேண்டியதில்லை. பசு வளர்ப்போருக்குப் பாற்கலங்களைக் கழுவ இவ்வெந்நீர் பெரிதும் உதவும். கண்டியில் நீர் உறைவதில்லையாதலால், குளிர்தேசத்துச் சேர்ப்பிகளிலுள்ள உறைவுத் தடுப்பு ஏற்பாடுகளுக்குப் பணம் விரயஞ் செய்யற்க. தொடர் மழை நாட்களில் வெதுவெதுப்பே கிடைக்கும். அடுப்பை இடித்துவிட வேண்டாம்.

மின்சாரம்

ஒரு கிலோவாற்றுத் தகடுகள் நம் பகுதியில் நாளுக்கு 3½ முதல் 4 அலகு வரை தரும். மாதம் 60 அலகுக்குட் செலவிடும் வீட்டுக்குக் கட்டணம் குறைந்த படியிலேயே அமைவதால், தகட்டில் இட்ட முதல் மீள நெடுங்காலஞ் செல்லும். நீரிறைக்கும் பம்பி, அரைக்கும் ஆலை, குஞ்சு பொரிக்கும் பெட்டி, குளிரறை என்பவற்றைப் பகலில் ஓட்டுவோருக்கே இலாபம் விரைந்து வரும். மின்சாரத்தை வழங்கு கம்பிக்கு விற்க எண்ணுவோர், விலை காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதை மறவாது, ஒப்பந்தத்திலுள்ள விலையையும் ஆண்டுக் கணக்கையும் தம் பகுதி மின்சார அலுவலகத்தில் எழுத்திற் கேட்டறிதல் வேண்டும்.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திக் கூற விரும்புகின்றோம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அப்பொழுது கூரையிலே தகடு நிறைந்திருந்த வீடுகள் பல, பட்டப் பகலிலும் மின்சாரமின்றி இருந்தன. காரணம் இதுவே: வழங்கு கம்பியோடு மட்டும் இணைத்த மாற்றி, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறுபவரின் உயிரைக் காப்பதற்கென்றே அது அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. மின்கலமும் அதற்கேற்ற கலப்பு மாற்றியும் உடையவருக்கே மின்வெட்டில் வெளிச்சம் உண்டு. விற்பனையாளர் சிலர் இதை வாயெடுத்துச் சொல்வதில்லை. ஆதலால் "கம்பியில் மின்சாரம் இல்லாதபோது என் வீட்டில் எவை இயங்கும்?" என்று கேட்டு, விடையை எழுத்திலே பெற்றுக்கொள்க.

விளக்கே பிரதான தேவையாயின், வழங்கு கம்பியைத் தொடாத சிறு தொகுதி மலிவானது. 9 வாற்றுக் குமிழ் நான்கு, ஐந்து மணித்தியாலம் எரிவதற்கு 180 வாற்று-மணியே செல்லும். 150 வாற்றுத் தகடொன்றும் 100 அம்பியர்-மணி மின்கலமொன்றும் அதற்கும் கைத்தொலைபேசிக்கும் வானொலிக்கும் தாராளமாகப் போதும். இது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1997 முதல் உலக வங்கியின் கடனுதவியோடு, சர்வோதய நிறுவனம் முதலியவற்றின் சிறுகடன் வழியாக, மின்கம்பி எட்டாத ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட கிராமிய வீடுகளில் இத்தகைய தொகுதிகள் பொருத்தப்பட்டன. மின்கம்பி வந்ததும் அவற்றுட் பல கைவிடப்பட்டன. உங்கள் அயலில் அத்தகைய பழைய தகடு கிடந்தால் எறிந்துவிடற்க. மின்கலம் பழுதாயினும் தகடு பெரும்பாலும் வேலை செய்யும்.

அரசாங்கம் 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்னும் இயக்கத்தைத் தொடங்கியபோது, 2025ஆம் ஆண்டளவிற் கூரைகளிலிருந்து 1,000 மெகாவாற்றுப் பெறுவதை இலக்காகக் கொண்டது. அவ்விலக்கு எய்தப்பட்டபின் புதிய இடர் ஒன்று தோன்றிற்று. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட பழுது நாடு முழுவதையும் இருளாக்கியது. தேவை குறைந்த விடுமுறைப் பகலிலே கூரை மின்சாரம் மிகுந்திருந்தமையால், வலையமைப்பு அவ்வதிர்ச்சியைத் தாங்கும் வலுக் குறைந்திருந்தது என்று பின்னர் விளக்கப்பட்டது. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிற் பகல் வேளையில் கூரைத் தொகுதிகளை நிறுத்தி வைக்கும்படி உரிமையாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

மின்கலத்தின் பெறுமதி இதனால் விளங்கும். பகல் மின்சாரத்தைச் சேமித்து மாலை 6 மணிக்குமேற் பயன்படுத்தும் வீடு, மாலை நேரத்தில் விக்டோரியாவின் சுழலிகள் தாங்கும் சுமையைச் சிறிதாயினுங் குறைக்கின்றது. பகலில் வெயில் தரும் ஒவ்வோர் அலகும் நீர்த்தேக்கத்தில் நீரை மிச்சம் வைக்கின்றது. பொல்கொல்லையிலிருந்து வடக்கே திருப்பப்படும் மகாவலி நீர் எத்தனை வயல்களுக்கு வேண்டியது என்பதை நெற்கமக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் மின்கலத்தின் விலை இன்றும் அதிகம். பகலிலேயே செலவிடக்கூடிய வேலையைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுதல், எவ்வளவு பெரிய மின்கலத்தினும் மலிவானது. பம்பியை மாலையில் ஓட்டாது முற்பகலில் ஓட்டித் தொட்டியை நிரப்பி வைத்தால், மாலையில் மரக்கறிப் பாத்திகளுக்கு நீர் தானே இறங்கும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டுவன

பழைய ஓட்டுக் கூரைகளின் கைமரங்களைத் தச்சரைக் கொண்டு முதலிற் சோதிப்பிக்க. கறையான் தின்ற மரத்தின்மேற் பாரம் ஏற்றலாகாது. அஸ்பெஸ்டோஸ் தகட்டின்மேல் எவரும் நேராகக் காலூன்றி நடக்கவும் கூடாது. அதனைத் துளைக்கும்போது எழுந் தூசு நுரையீரலுக்குத் தீது. மின்தகடுகளைக் காலைக் குளிரிலே வெறும் நீரினாற் கழுவுக. நண்பகலிற் சூடேறிய கண்ணாடிமேற் குளிர்நீர் ஊற்றினால் அது வெடிக்கக்கூடும். குரங்குகள் திரியும் ஊர்களிலே கூரைமேற் செல்லும் கம்பிகளைக் குழாய்க்குள் இடுக. சித்திரை, ஐப்பசி இடிமின்னலுக்கு முன்பாகப் புவித்தொடுப்புக் கம்பி மண்ணில் நன்கு பதிந்துள்ளதா என்பதை, அனுமதி பெற்ற மின்தொழிலாளி ஒருவரைக் கொண்டு ஆண்டுதோறும் அளந்து பார்ப்பிக்க.