வெயில் ஏறினால் மின்சாரம் ஏறுமா?

மணலி ஆலைகளுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் நடுவே அமைந்த சடையங்குப்பத்தில், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருவதாக 2024இல் மத்திய அரசு அறிவித்ததை நம்பி மொட்டை மாடியில் சோலார் பேனல் வைக்க எண்ணுகிறவர்கள், வெயில் கொளுத்தக் கொளுத்த மின்சாரமும் பெருகும் என்று கருதுவது இயல்பே. ஆனால் பேனலுக்கு ஆகாரம் சூரியனின் ஒளிதான். உஷ்ணம் அதற்குச் சத்துரு. சிலிக்கான் பேனலின் சக்தியை 25 டிகிரியில் வைத்து அளந்தே விற்கிறார்கள். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். சித்திரை நடுப்பகலில் பேனல் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணமாகையால், பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அங்கேயே நஷ்டமாகிறது. தளத்தோடு ஒட்டிப் பதிக்காமல், அடியில் கடற்காற்று புகுந்து வெளியேற இடம் விட்டு, தெற்கு நோக்கிச் சுமார் 13 டிகிரி சாய்த்து நிறுத்துவதே இதற்குப் பரிகாரம்.

இதைக் காட்டிலும் பெரிய நஷ்டத்தை விளைவிப்பது, மழையே பேனலைக் கழுவிவிடும் என்ற நம்பிக்கை. சென்னையின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையோடு தீர்ந்துவிடுகிறது; தை பிறந்தது முதல் வைகாசி வரை, வெயில் மிகுந்து உற்பத்தியும் மிகவேண்டிய மாதங்களில், வானம் துளி சிந்துவது அபூர்வம். அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலும், லாரிகள் கிளப்பும் புழுதியும், கடலின் உப்பீரமும் சேர்ந்து கண்ணாடியின்மேல் படிவது அப்போதுதான். காந்திநகர் ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் குஜராத்தில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், சில வாரங்கள் அழுக்கேறிக் கிடந்த பேனல்களைத் துடைத்ததும் உற்பத்தி பாதியளவு கூடியதாகக் கண்டார்கள்.

பேனலின் கீழ் விளிம்பை அருகே சென்று பாருங்கள். பனியில் வழிந்த சாம்பல் சட்டத்தில் தேங்கி, விரற்கடை அகலத்துக்குச் சேறாகக் காய்ந்திருக்கும். சாதாரணப் பேனலில் செல்கள் நீளவாக்கில் மூன்று தொகுதிகளாகக் கோக்கப்பட்டிருப்பதால், பேனலை நெட்டுவாக்கில் வைத்திருந்தால் அடிவரிசையை மறைக்கும் அந்தக் கோடு மூன்று தொகுதிகளையும் ஒருங்கே பாதிக்கிறது. படுக்கைவாக்கில் வைத்திருந்தால் சேதம் ஒரு தொகுதியோடு நிற்கும். தொட்டி நிழலும் இவ்வாறே கெடுக்கும். துடைப்பதற்குப் போர் தண்ணீர் உதவாது. கடலோர நிலத்தடி நீரிலுள்ள உப்பு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். லாரித் தண்ணீரோ சேமித்த மழைநீரோ கொண்டு, கண்ணாடி சூடேறுமுன் விடியற்காலையில் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

இன்னொன்று: 22 சதவீதத் திறனுள்ள 1 கிலோவாட் பேனல், 20 சதவீதத் திறனுள்ள 1 கிலோவாட் பேனலைவிட அதிக யூனிட் தரும் என்பதும் பிழை. அது குறைந்த இடத்தை அடைக்கும், அவ்வளவே. மாடி சிறிதானவர்கள் அதற்கு விலை கொடுக்கலாம். மற்றவர்கள், அந்தப் பணத்தில் பேனல் வரிசைகளுக்கிடையே ஆள் நடக்க வழியும், கீழ் விளிம்பு கைக்கு எட்டும் உயரமும் அமைத்துத் தரும்படி, வேலை தொடங்குமுன்பே பொருத்த வருகிறவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.