உங்க வயல்ல ஒரு கேஸ் கிணறு: ட்ரில்லிங் ரிப்போர்ட்டை வாசிப்பது எப்படி?

பேட்டையில் போர்வெல் வண்டியைப் பார்க்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. பைப் உள்ளே இறங்க இறங்க பாறைத்தூள் வெள்ளையாகப் பறக்கும். நம்ம காலுக்குக் கீழே இருப்பது கடினப் பாறை என்பதற்கு அந்தத் தூளே சாட்சி. இயற்கை எரிவாயு பொதுவாக இப்படிப்பட்ட பாறையில் தங்காது. மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்து உருவான படிவுப் பாறைகளில்தான் தங்கும். நமக்குப் பக்கத்தில் அப்படி இருப்பது காவிரிப் படுகை. டெல்டா மாவட்டங்களில் இருந்து புதுக்கோட்டை வழியாக இராமநாதபுரம் வரைக்கும் அது நீள்கிறது. அந்த ஊர்களில் இருந்து வந்து நம்மகூடப் படிக்கிறவங்க நிறைய பேர். வீட்டில் நிலம் இருந்தால், இந்தக் கட்டுரை முதலில் உங்களுக்குத்தான்.

இது ஏன் முக்கியம்?

2017 பிப்ரவரியில் நெடுவாசல் போராட்டம் வெடித்தபோது எதிர்ப்பு புதுத் திட்டத்துக்கு மட்டும் இல்லை. நல்லாண்டார்கொல்லை, வாணக்கன்காடு, கோட்டைக்காடு பக்கம் ஓ.என்.ஜி.சி. ஏற்கெனவே தோண்டிய ஆய்வுக் கிணறுகள் இருந்தன. அவற்றை மூடிவிட்டு நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பதும் ஒரு கோரிக்கை. அதாவது, கிணறு தோண்டி முடித்ததோடு கதை முடிவதில்லை.

2020-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதுக் கிணறுகளைத் தடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே இயங்கும் கிணறுகளை அது தொடவில்லை. இராமநாதபுரமோ அந்த மண்டலத்திலேயே இல்லை. 2025-ல் அந்த மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசே சொன்னது. இன்னொரு விஷயம்: 2020 ஜனவரியில் மத்திய அரசு செய்த திருத்தத்தால் ஆய்வுக் கிணறுகள் ‘பி2’ பிரிவுக்குப் போய்விட்டன. அந்தப் பிரிவில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம் இல்லை. யாரும் வந்து விளக்கம் சொல்வார்கள் என்று காத்திருக்க முடியாது. பேப்பரை நாமே கேட்டு வாங்கி, நாமே வாசிக்க வேண்டும்.

யூடியூபில் வரும் அமெரிக்க வீடியோக்களை நம்பி ராயல்டி கணக்குப் போடாதீங்க. அங்கே பல இடங்களில் நிலத்துக்காரருக்கே அடியில் உள்ள கேஸில் உரிமை உண்டு. இங்கே நிலத்துக் கிணறுகளின் ராயல்டி மாநில அரசுக்குப் போகும். உங்களுக்கு வருவது நில வாடகையும் இழப்பீடும்தான். அதனால் எவ்வளவு கேஸ் வந்தது என்பதை விட, உங்க தண்ணீருக்கும் நிலத்துக்கும் என்ன ஆச்சு என்று பார்ப்பதுதான் முக்கியம். ரிப்போர்ட்டை அந்தக் கண்ணோட வாசிங்க.

1. இரண்டு ஆழங்கள்

ரிப்போர்ட்டில் ஆழம் இரண்டு விதமாக இருக்கும். ‘மெஷர்டு டெப்த்’ என்பது துளையின் மொத்த நீளம். ‘ட்ரூ வெர்ட்டிகல் டெப்த்’ என்பது நேர் செங்குத்தான ஆழம். இரண்டும் ஒன்றாக இருந்தால் கிணறு நேராக இறங்கியிருக்கு. முதலாவது அதிகம் என்றால் சாய்ந்து போயிருக்கு. நீளம் 2,500 மீட்டர், செங்குத்து ஆழம் 2,400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெறும் 100 மீட்டர்தானே வித்தியாசம் என்று தோணும். பித்தகோரஸ் போட்டுப் பாருங்க: கிணற்றின் அடி பக்கவாட்டில் அதிகபட்சம் 700 மீட்டர் வரை தள்ளிப் போயிருக்கலாம். மேலே ரிக் நிற்பது ஒருத்தர் வயல், கீழே துளை முடிவது இன்னொருத்தர் சர்வே நம்பர்.

2. கேசிங்கும் சிமென்ட்டும்

நம்ம ஊர் போர்வெல்லில் பாறை வரும் வரைதான் கேசிங் பைப். அதுக்குக் கீழே வெறும் துளை. கேஸ் கிணறு அப்படி இல்லை. பெரிய குழாய்க்குள் சின்னக் குழாய், அதற்குள் இன்னும் சின்னது என்று பல அடுக்கு இருக்கும். குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலான வெளியில் சிமென்ட் ஏற்றுவார்கள். ரிப்போர்ட்டில் ‘சர்ஃபேஸ் கேசிங் ஷூ’ எத்தனை மீட்டரில் என்று தேடுங்க. அந்த எண் உங்க நன்னீர் அடுக்கை விட ஆழமாக இருக்கணும். அடுத்தது, சிமென்ட் தரைமட்டம் வரை திரும்பி வந்ததா என்று பாருங்க. ‘சிமென்ட் பாண்ட் லாக்’ எடுத்தார்களா என்பதையும் பாருங்க. சிமென்ட் குழாயோடு ஒட்டியிருக்கா என்று ஒலி அலை மூலம் சோதிக்கும் டெஸ்ட் அது. உங்க குடிநீரைக் காப்பது இந்த மூன்று விவரமும்தான்.

3. மட் லாஸ், கிக்

தோண்டும்போது உள்ளே சுற்றும் சேற்றுக் கரைசல்தான் ‘மட்’. துளையில் அழுத்தத்தைச் சமன் செய்வது அதன் முக்கிய வேலை. ‘லாஸ்’ என்று எழுதியிருந்தால் அந்தச் சேறு நிலத்துக்குள் போயிருக்கு. அது எந்த ஆழத்தில் என்று பாருங்க. மேலடுக்கில் என்றால் கேள்வி கேளுங்க. ‘கிக்’ என்றால் நேரெதிர்: நிலத்தில் உள்ள வாயுவோ நீரோ துளைக்குள் தள்ளிக்கொண்டு வந்திருக்கு. அதை அடைப்பதற்குத்தான் மேலே ‘ப்ளோஅவுட் ப்ரிவென்ட்டர்’.

4. கடைசி வரி

‘கேஸ் ஷோ’ என்றால் கேஸ் தடயம் தெரிந்தது, அவ்வளவுதான். லாபத்துக்கு எடுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. முக்கியமானது கிணற்றின் நிலை. ‘ப்ளக்டு அண்ட் அபாண்டன்டு’ என்றால் உள்ளே சிமென்ட் அடைப்புகள் வைத்து நிரந்தரமாக மூடியாச்சு. ‘டெம்பரரிலி அபாண்டன்டு’ அல்லது ‘சஸ்பெண்டட்’ என்றால் பூட்டு மட்டும் போட்டிருக்கு, திரும்ப வரலாம். ‘மூடியாச்சு’ என்று வாயால் சொல்வதை ஏற்காமல், இந்த இரண்டில் எது என்று கேளுங்க.

5. கிணறு வேறு, பைப்லைன் வேறு

2017 ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் வயலில் எண்ணெய் கசிந்தது பைப்லைனில் இருந்து, கிணற்றில் இருந்து இல்லை. பைப்லைனுக்கு 1962-ம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கு. அதன்படி நிலம் உங்க பேரிலேயே இருக்கும். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ முடியாது. பயன்பாட்டு உரிமைக்கான இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம்.

இப்போ என்ன செய்யலாம்?

சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பங்கள் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் இருக்கும். வீட்டுக்கு டவுன்லோட் செய்து கொடுங்க. ஓ.என்.ஜி.சி. பொதுத்துறை நிறுவனம் என்பதால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ‘எல்லா ரிப்போர்ட்டும் வேண்டும்’ என்று எழுதினால் வணிக ரகசியம் என்று மறுக்க வாய்ப்பு உண்டு. அதனால் குறிப்பாகக் கேளுங்க: சர்ஃபேஸ் கேசிங் ஷூ ஆழம், கிணற்றின் அடி இருக்கும் சர்வே நம்பர், கிணற்றின் இப்போதைய நிலை, நிலத்தைச் சீர்செய்து ஒப்படைக்கும் தேதி.

ரிக் வருவதற்கு முன்னாடியே உங்க கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்து ரசீதோடு வைத்துக்கோங்க. முன்னாடி எப்படி இருந்தது என்பதற்கு எண் கையில் இல்லை என்றால், பின்னாடி உப்பேறிப் போச்சு என்று சொன்னாலும் நிரூபிக்க முடியாது. அப்பா, தாத்தாவுக்கு இந்த வார்த்தைகள் புதுசாக இருக்கலாம். நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்த நமக்கு அப்படி இல்லையே. அவங்க கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்லுங்க.