பயணத்துக்கும் ஒரு பட்ஜெட்

1996-ல் கடன் வாங்கி, நாக்பூரிலிருந்து குடும்பத்தோடு ராமேஸ்வரம் சென்றேன். 5 நாள் மகிழ்ச்சிக்கு 18 மாதம் சம்பளத்தில் பிடித்தம். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போயிற்று. அன்று கற்ற பாடம் இது.

முதலில் செலவைத் தலைப்புவாரியாக எழுதுங்கள்: ரயில், தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர் வண்டி. ரூ.30,000 வந்தால், எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம் சேர்த்து ரூ.33,000. மே மாதப் பயணத்துக்கு முந்தைய ஜூன் முதல் ஏப்ரல் வரை மாதம் ரூ.3,000. சம்பளத்தன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் மிச்சம் இராது.

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. ஆகவே டிக்கெட் பணம் மார்ச்சிலேயே தயாராக இருக்கட்டும்.

இப்படிச் சேர்த்தே 2003-ல் மீண்டும் ராமேஸ்வரம் போனோம். மீட்ட வளையல் மனைவி கையிலேயே இருந்தது.