பறித்து அடக்கும் செல்கள்

அன்புள்ள கயல்விழி,

ஒழுங்குபடுத்தும் டி செல்கள் மற்ற டி செல்களைக் கொன்றுதான் அடக்குகின்றனவா என்று கேட்டிருந்தாய். கொல்வதும் சில வேளை உண்டு. ஆனால் அவற்றின் பெரிய பலம், பிற செல்களுக்கு வேண்டியதைப் பறித்துக்கொள்வதில் இருக்கிறது.

நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல் தானாகப் போருக்குக் கிளம்பாது. டென்ட்ரைட்டிக் செல் அந்நியப் பொருளின் துணுக்கு ஒன்றை அதற்குக் காட்ட வேண்டும். கூடவே தன் மேற்பரப்பிலுள்ள சிடி80, சிடி86 என்ற புரதங்களால் டி செல்லின் சிடி28 ஏற்பியைத் தொடவும் வேண்டும். வங்கி லாக்கரைத் திறக்க நம் சாவியோடு மேலாளரின் சாவியும் வேண்டியிருப்பதைப் போலத்தான்.

ஒழுங்குபடுத்தும் செல் கைவைப்பது அந்த இரண்டாம் சாவியில். அதனிடம் சிடிஎல்ஏ-4 என்ற புரதம் ஏராளம். அது சிடி80, சிடி86 இரண்டையும் சிடி28-ஐ விடப் பல மடங்கு இறுகப் பற்றும். பற்றுவதோடு விடுவதுமில்லை, எதிரே நிற்கும் செல்லிலிருந்து அப்புரதங்களைப் பிய்த்துத் தன்னுள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் இதைக் காட்டினார்கள். எனக்கு இதில் இன்றும் வியப்பு அடங்கவில்லை. டென்ட்ரைட்டிக் செல் ஒன்றை இப்படி வெறுமையாக்கிவிட்டால், அதன்பின் அதை நாடி வரும் டி செல்கள் எத்தனையானாலும் சும்மா திரும்ப வேண்டியதுதான். சிடி4 வகை டி செல்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே இருக்கும் இவை அத்தனை பேரையும் கட்டுப்படுத்துவது எப்படி என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. உன் புத்தகப் படத்தில் அம்புக்குறி ஒரு டி செல்லிலிருந்து நேரே இன்னொன்றுக்குப் போகிறதென்றால், நடுவில் டென்ட்ரைட்டிக் செல்லையும் வரைந்துகொள்.

இன்னொரு பறிப்பும் உண்டு. டி செல்கள் பெருக இன்டர்லூக்கின்-2 வேண்டும். ஃபாக்ஸ்பி3 என்ற புரதம் தடுப்பதால், ஒழுங்குபடுத்தும் செல்லால் இன்டர்லூக்கின்-2-ஐத் தயாரிக்க முடியாது; ஆனால் அதை உறிஞ்சும் சிடி25 ஏற்பி அதனிடம் மிகுதி. சுற்றியுள்ளதை அது வாரிக்கொள்ள, மற்றவை பட்டினி கிடக்கும். ஷிமோன் சகாகுச்சி 1995-இல் இச்செல்களை இனங்காண அடையாளமாகக் கொண்ட அதே சிடி25 அவற்றின் கருவியும்தான்.

காயமுற்ற செல்கள் கசியவிடும் ஏடிபி, அழற்சியைத் தூண்டும். அதை ஒழுங்குபடுத்தும் செல்லின் சிடி39, சிடி73 நொதிகள் படிப்படியாக அடினோசினாக மாற்ற, அது போரிடும் டி செல்லின் வேகத்தைத் தணிக்கும்.

ஒழுங்குபடுத்தும் செல்களுக்கு இன்றியமையாத ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதானால் என்ன நேரும் என்பதையும் நீ அறிய வேண்டும். ஐபெக்ஸ் என்ற அந்நோயோடு பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவு, கடும் வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி எல்லாம் வரும். நோய்வாய்ப்பட்ட எலிகளில் இம்மரபணுவை 2001-இல் கண்டறிந்த மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவரும் சகாகுச்சியோடு 2025-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சிடிஎல்ஏ-4-ஐ மருத்துவர்கள் இருபுறமும் பயன்படுத்துகிறார்கள். அதன் வெளிப்பகுதியைக் கொண்டு செய்த அபாட்டாசெப்ட், முடக்குவாதத்துக்குத் தரப்படுகிறது. சிடிஎல்ஏ-4-ஐயே அடைக்கும் இபிலிமுமாப், புற்றுநோய்க்கு எதிராக டி செல்களை அவிழ்த்துவிடுகிறது; அந்த மருந்து பெறுபவர்களில் சிலருக்குக் குடல் அழற்சி வருவதும் அதனால்தான்.

பிரியமுடன்,
அத்தை