மறுபடி ஊசி பிடிக்கும் கைக்கு

கேள்வி: நர்ஸிங் முடித்து மூன்று வருஷம் வார்டில் வேலை பார்த்தேன். கல்யாணம், குழந்தைகள் என்று ஆறு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, போன மாதம்தான் மறுபடி சேர்ந்தேன். ரத்தம் எடுக்கப் போனாலே கை நடுங்குகிறது. நேற்று ஒரு பாட்டிக்கு மூன்று தடவை குத்தியும் கிடைக்கவில்லை. "பரவாயில்லை கண்ணு, இன்னொரு தடவை பாரு" என்று அவரே கையை நீட்டினார். அழுகை வந்துவிட்டது. பழைய கை திரும்புமா?

- ஒரு வாசகி

பதில்: திரும்பும் அம்மா. ஆனால் ஊசியில் ஆரம்பிக்காதீர்கள், விரலில் ஆரம்பியுங்கள். வீட்டில் எல்லோருடைய கையையும் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு முழங்கை மடிப்பைத் தடவிப் பாருங்கள். அமுக்கினால் பஞ்சு மாதிரி அமுங்கி எழும்புவது சிரை, விறைப்பாக, கயிறு போல இருப்பது தசைநார், துடித்தால் தமனி. நடுவில் ஓடும் சிரையைத்தான் முதலில் தேட வேண்டும். உள்பக்கச் சிரை பருமனாகத் தெரிந்தாலும் அதன் அருகே தமனியும் நரம்பும் போகின்றன. அதைக் கடைசிக்கு வையுங்கள்.

வயதானவர்களுக்குத் தோல் தளர்ந்திருக்கும், சிரை நழுவும். குத்தும் இடத்துக்குக் கீழே இடது கட்டைவிரலால் தோலை நன்றாக இழுத்துப் பிடியுங்கள். குத்திய பிறகும் அந்த விரலை எடுக்கக் கூடாது. பாட்டியிடம் தவறியது பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். ஊசி தோலிலிருந்து 30 டிகிரிக்கு மேல் உயரக் கூடாது. மெல்லிய சிரைக்கு 23 கேஜ் போதும். டூர்னிக்கெட்டைக் குத்துமிடத்துக்கு நாலைந்து விரல் மேலே கட்டி, ஒரு நிமிடத்துக்குள் தளர்த்துங்கள். ஸ்பிரிட் காயட்டும். துடைத்த இடத்தை மறுபடி தொட்டுப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, விட்டுவிடுங்கள்.

இரண்டு தடவை கிடைக்கவில்லையென்றால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். பாட்டியே கையை நீட்டினாலும் மூன்றாவது வேண்டாம்.

கையை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லாதீர்கள், பொட்டாசியம் பொய்யாக ஏறும். ட்யூப் வரிசையும் மறந்திருக்கும்: நீலம், பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். முன்பு நான் இருந்த ஒரு லேபில், சிவப்பு ட்யூபில் ரத்தம் குறைந்ததென்று ஊதாவிலிருந்து ஊற்றிவிட்டார்கள். ஊதா ட்யூபில் இருப்பது பொட்டாசியம் உப்பு. ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எகிறி, கால்சியம் சரிந்து, நன்றாக உட்கார்ந்திருந்த நோயாளியை ஐசியூவுக்குத் தூக்கப் பார்த்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது. பெயர் ஒட்டுவதையும் படுக்கை அருகிலேயே, நோயாளி தன் வாயால் பெயரைச் சொன்ன பிறகு செய்யுங்கள்.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த ஊசிக்கு மூடி போடாதீர்கள். கையில் குத்திவிட்டால் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; 72 மணி நேரத்துக்கு மேல் போகவே கூடாது. ஹெபடைடிஸ்-பி மூன்று டோஸும் போட்டீர்களா என்று பழைய அட்டையைத் தேடுங்கள்.

பயிற்சிக்கு நர்ஸிங் கல்லூரிகளில் ரப்பர் கை இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். அதன்பின் சில நாள் சீனியர் அக்கா யாராவது பக்கத்தில் நிற்கட்டும்.

பாட்டி இன்னும் வார்டில் இருந்தால், வெதுவெதுப்பான துணியை அவர் கையில் கொஞ்ச நேரம் சுற்றி வையுங்கள். எந்தக் கையில் சுலபமாகக் கிடைக்கும் என்று அவரிடமே கேளுங்கள். அடிக்கடி ரத்தம் கொடுத்தவர்களுக்கு அது தெரியும்.