கொடியைப் பார்த்துப் பையைக் கட்டு

அமிர்தி,
மே மாதக் கடைசி.

அன்புள்ள மருமகளுக்கு,

ஜூனில் மூன்று வாரம் வந்து தங்கப் போகிறாய், இங்கே சில நாள், பிறகு நம்மியம்பட்டு, ஜமுனாமரத்தூர், காவலூர் என்று ஜவ்வாது மலையைச் சுற்றப் போகிறாய் என்று அப்பா சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீ அனுப்பிய சாமான் பட்டியலையும் படித்தேன். பன்னிரண்டு செட் துணி, மூன்று ஜீன்ஸ், இரண்டு போர்வை, சக்கரம் வைத்த பெரிய பெட்டி. அந்தப் பட்டியலுக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பெட்டியை விட்டுவிடு. வேலூரிலிருந்து அமிர்தி 25 கிலோமீட்டர்தான், அதுவரை எப்படியும் வந்துவிடலாம். இதற்கு மேல் மலை ஏறும் பேருந்தில், கீழே சந்தைக்கு வந்து திரும்புகிறவர்களின் மூட்டைகளே நடைபாதையை அடைத்துவிடும். மடியில் வைத்துக்கொள்ள முடிகிற பைக்குத்தான் அங்கே இடம். இறங்கிய பிறகு ஊருக்குள் போகும் வழியெல்லாம் கல்லும் மண்ணும், சக்கரம் உருளாது. என்றாவது ஒருநாள் போயே தீருவேன் என்கிறாயே கிரேக்கத் தீவுகள், அங்கும் நிலைமை இதுதான். ஹைட்ரா என்ற தீவில் காரும் பைக்கும் ஓட்டவே அனுமதி இல்லை. படகில் வந்து இறங்கும் சாமான்களைக் கழுதைகள்தான் சுமக்கின்றன. முதுகில் மாட்டும் ஒரே பை, இரண்டு இடத்துக்கும் அதுதான் சரி.

இனி துணி. மூன்று வாரம் என்றால் இருபத்தொரு நாள், அதில் பாதி நாளுக்காவது மாற்று வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். நாளை எண்ணினால் பை வீங்கத்தான் செய்யும். துவைத்த துணி எத்தனை மணி நேரத்தில் காயும் என்று கேட்டுப் பார், பட்டியல் தானாகச் சுருங்கும். மத்தியதரைக் கடல் தீவுகளில் கோடையில் மழை அநேகமாக இல்லை. இரவில் அலசிப் போட்டால் காலையில் உடுத்தலாம். அதனால்தான் நீ பார்த்த தீவுப் பயண வீடியோவில் வரும் பெண்ணால் இரண்டே செட்டோடு வாரக்கணக்கில் சமாளிக்க முடிகிறது. இங்கே ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மூன்று மணிக்கு மேல் மேகம் திரளும், பல நாள் சாயங்காலம் இடியோடு கொட்டும். இரவில் துவைத்தது மறுநாள் மதியம்கூட ஈரம் விடாது. ஆகவே தீவுக்கு இரண்டு செட் போதும், மலைக்கு மூன்று வேண்டும். உடுத்தியிருப்பது ஒன்று, கொடியில் ஒன்று, நனையாமல் பைக்குள் எப்போதும் ஒன்று. அந்த மூன்றாவதை நல்ல பாலித்தீன் உறையில் சுற்றி அடியில் வை, மற்ற இரண்டும் நனைந்தாலொழிய அதை எடுக்காதே. விடிந்ததும் துவைத்துப் போட்டுவிடு. அவசரம் என்றால் பிழிந்த துணியைக் காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி இருவராகப் பிடித்து முறுக்குங்கள், பாதி ஈரத்தைத் துண்டு வாங்கிக்கொள்ளும்.

ஜீன்ஸ் ஒன்றுகூட வேண்டாம். வெறும் எடையே அரைக் கிலோவுக்கு மேல். நனைந்தால் இன்னும் கனக்கும், இரண்டு நாள் வெயில் கேட்கும். பருத்தி நூல் சும்மா காற்றில் இருந்தாலே தன் எடையில் 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. அதற்காக எல்லாவற்றையும் பாலியஸ்டராக எடுத்துவிடாதே. வியர்வை நாற்றம் அதில் சீக்கிரம் பிடிக்கும், உடம்பிலும் ஒட்டும். மேலே மெல்லிய பருத்திச் சட்டை, கீழே பாலியஸ்டர் கலந்த பேண்ட், இதுதான் என் கட்சி. போர்வை இரண்டும் வேண்டாம். டிசம்பர் என்றால் நானே கம்பளி கேட்பேன், ஜூன் இரவுக்கு முழுக்கைச் சட்டை ஒன்று போதும்.

பட்டியலில் நீ விட்டுவிட்ட ஒன்று உண்டு: லுங்கி. ஆண்பிள்ளைகள் உடை என்று ஒதுக்காதே. நம் மாவட்டத்திலேயே குடியாத்தம் கைத்தறி லுங்கிக்குப் பேர்போன ஊர். பழகிய லுங்கி ஒன்று கையில் இருந்தால் இரவில் போர்த்திக்கொள்ளலாம், ஆற்றில் குளிக்கும்போது கட்டிக்கொள்ளலாம், வெயிலுக்குத் தலையில் முக்காடாகப் போடலாம், பேருந்தில் மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்ளலாம், சாமை வாங்கினால் மூட்டையாகவும் கட்டலாம். ஒரு பொருளுக்கு இரண்டு வேலையாவது இருந்தால்தான் அதற்குப் பையில் இடம் என்று வைத்துக்கொள்.

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி இருந்தார். பதினொரு பிள்ளைகளை வளர்த்தவர். 1955இல், 67 வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். கூடாரம் இல்லை, படுக்கைப் பை இல்லை. டெனிம் துணியில் தானே தைத்த பை ஒன்று தோளில். மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றைப் போர்த்திக்கொண்டார். விலை உயர்ந்த மலையேற்றச் சாமான் இல்லாவிட்டால் மலைக்கு வரக்கூடாது என்று உன் தோழிகள் யாராவது சொன்னால் இந்தப் பாட்டியைச் சொல். உனக்கு மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கோட்டு போதும். குடை காற்றில் மடங்கும்.

அம்மாவிடம் நீதான் பேச வேண்டும். முறுக்கு டின், பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் என்று அடுக்குவாள். அன்புதான், மறுக்க மனசு வராது. ஆனால் பையில் பாதி கனம் அதுவாகத்தான் இருக்கும், எண்ணெய் கசிந்தால் மூன்றாவது செட்டும் போச்சு. மலையில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கிடைக்கும்போது அதைச் சாப்பிட்டுப் பழகு. திரும்பும்போது சாமையும் தேனும் வாங்கி வர இடம் வேண்டும், அதற்கு ஒரு மஞ்சப்பையை மடித்து ஓரத்தில் செருகிக்கொள். அம்மா கேட்கவே மாட்டாள் என்றால் பொடி மட்டும், சின்ன டப்பாவில்.

மாதவிடாய்க்கு நாப்கின் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு வராதே. மலை ஊர்களில் குப்பை வண்டி எல்லா இடத்துக்கும் வராது. போட்டது அங்கேயே கிடக்கும், மழை வந்தால் ஓடைக்குப் போகும். சிலிக்கான் கப் பழகிவிட்டால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொருளோடு முடிந்தது. பழக இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால், இந்த முறை துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பட்டை எடுத்துக்கொள். அதற்கும் காயும் நேரக் கணக்கு உண்டு, மறக்காதே.

மற்றவை சின்னச் சின்ன விஷயம். ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு வா, செருப்பைப் பையில் வை. காலையில் ஷூவை உதறிவிட்டுக் கால் நுழை, தேள் இருக்கலாம். கடை, வங்கி எல்லாம் ஜமுனாமரத்தூரில்தான், அதனால் சில்லறையாகப் பணம் வை. காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கட்டுத்துணி. சிறிய டார்ச் ஒன்று. காவலூரில் அதைத் தரையை நோக்கியே பிடி. 1968 முதல் அங்கே தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கிறார்கள், அந்த இருட்டு அவர்களுக்கு வேண்டும். புத்தகம் ஒன்றே ஒன்று, அதுவும் தடியாக வேண்டாம்.

எல்லாம் அடுக்கியபின் தண்ணீர் பாட்டிலையும் நிரப்பி வைத்து எடை பார். விமானத்திலேயே கைப்பைக்கு 7 கிலோதான் பெரும்பாலும் விடுகிறார்கள். நீ 6 கிலோவுக்குள் நிறுத்து. பிறகு மாட்டிக்கொண்டு உங்கள் மொட்டை மாடிக்கு நான்கைந்து தடவை ஏறி இறங்கு. தோள் வலித்தால் ஒன்றை எடுத்து வெளியே வை, மறுபடி ஏறு. துவைக்கிற சோப்பு, கொடிக்கயிறு, கிளிப் மூன்றும் நானே தருகிறேன், நீ வாங்காதே.

அன்புடன்,
உன் அத்தை